பாதிக் கட்டிலுக்கு ஐந்து ஏன்

ஆண்டு விழாவுக்குப் புது நாடகம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேன்டீனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சொல்வதை எங்கே எழுதிப் போடுவது என்று ஒட்ட மறந்துவிட்டார்கள். அந்த ஒரகடத்துக் கம்பெனியில் தொழிலாளி எழுதிப் போட இருந்தது ஒரே பெட்டிதான், கைசன் பெட்டி. வேலையில் எதைச் சரிசெய்யலாம் என்று யோசனை போடுகிற பெட்டி. வயரிங் லைனில் வேலை பார்க்கும் செல்லக்கனி அதிலேயே போட்டாள், அதற்குரிய படிவத்திலேயே.

அட்டைக் கிரீடம் வைத்த ராஜா ஒருவர் வருஷா வருஷம் மேடையேறி சினிமா வசனம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. சம்பளம் வந்ததும் மற்றவர்கள் சுடிதார் எடுப்பார்கள். இவள் தபாலில் நாடகப் புத்தகம் வரவழைப்பாள். ஹாஸ்டலில் இவளுக்கு லூசு என்றே பெயர்.

மூன்று நாடகங்களைப் பரிந்துரைத்தாள். முதலாவது ‘லாரித் தண்ணி’: குடத்தோடு எட்டுப் பேர் நிற்பார்கள், லாரி கடைசிவரை வராது, படிக்கும்போதே வாய்விட்டுச் சிரிக்கலாம், செலவு எட்டுக் குடம். அடுத்தது ‘கவுண்டர் பத்து’: தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஆபீஸ் கவுண்டர்களில் அலைகிற ஒரு மனிதர், நல்ல நடிகர் கிடைத்தால் போடலாம், கிடைக்காவிட்டால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசியாக ‘பாதிக் கட்டில்’: ஒரே கட்டிலில் பகலில் ஒருத்தியும் இரவில் ஒருத்தியும் தூங்குகிறார்கள், சந்திப்பதே இல்லை. எழுதியவர் சக்திகுமார்.

சக்திகுமார் என்று யாரும் கிடையாது. எழுதியது செல்லக்கனிதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். ஆனால் அதை மேடையில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ‘அவசியம் போட வேண்டியது’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தாள்.

பெட்டியைத் திறக்கிற சூப்பர்வைசர் தணிகாசலம்தான் விழாக் கமிட்டிக்கும் தலைவர். பக்கத்துப் பென்னலூர்க்காரர். கைசன் படிவத்தில் எது வந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுத்தான் விடுவார். போல்ட் கழன்றாலும் ஐந்து ஏன்தான். நாடகத்துக்கு மட்டும் சலுகை காட்டுவாரா? மூன்றையும் வாங்கிப் போய் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, டீ நேரத்தில் அவளை எதிரே உட்காரவைத்தார்.

“மொத ரெண்டும் ஓகேம்மா. அந்த லாரி மேட்டருக்கு எங்க வூட்ல வுழுந்து வுழுந்து சிரிச்சாங்கோ. ஆனா மூணாவதுதான் மன்சுல குந்திகினு கீது. அதுல ஒரு டிஃபெக்ட்டும் கீது. ரெண்டு பொண்ணுங்களும் ஏன் பாத்துக்கவே இல்ல?”

“ஒருத்திக்குப் பகல் ஷிப்ட், ஒருத்திக்கு ராத்திரி ஷிப்ட் சார்.”

“காலைல ஏழு மணிக்கு கம்பெனி வாசல்ல ஒரே பஸ்ல இருந்து ஒண்ணு எறங்குது, ஒண்ணு ஏறுது. அப்போ ஏன் பாக்கல?”

“மொகம் தெரியாதுல்லா சார்.”

“பேரு ஹாஸ்டல் நோட்டுல கீதுன்னு நாடகத்துலயே வருதே. ஏன் கூப்புடல?”

“கூச்சம் சார்.”

“ஒரே தலகாணில தல வெக்கிதுங்க, இதுல இன்னா கூச்சம்? ஏன்?”

செல்லக்கனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “பாத்தபெறவு பிடிக்காத ஆளா இருந்துட்டான்னா என்ன சார் செய்ய? அவ எந்திச்சுப் போன சூடு ஆறுததுக்குள்ள அங்கனதான படுக்கணும்? மொகம் தெரியாதவரைக்கும் அவ நல்லவ.”

தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்தார். “செரி. நல்லவளா கெட்டவளான்னு பாத்துட்டு வந்து சக்திகுமார் ஏன் எய்தல?”

“நான் அவளப் போய்ப் பாக்கவே இல்லியே சார்!”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. டீ தம்ளருக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. தணிகாசலம் சிரிக்கவில்லை. படிவத்தில் சக்திகுமார் என்பதை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். தீர்வு என்ற கட்டத்தில் ‘நேரில் பார்ப்பது’, பொறுப்பு என்ற கட்டத்தில் ‘செல்லக்கனி’, கெடு ‘நாளை காலை’.

“கடைசி சீன எய்திகினு வா. இதத்தான் போடறோம்.”

சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், அன்று ராத்திரி ஹாஸ்டல் நோட்டில் தன் கட்டிலுக்கு நேரே இருந்த இன்னொரு பெயரை நாலு தடவை படித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஏற நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “மாடத்தி!”

மூன்று பேர் திரும்பினார்கள். தெற்கத்திப் பெண்கள் நூறு பேர் நிற்கும் இடத்தில் மூன்று மாடத்தி குறைவுதான்.

“படப்பை ஹாஸ்டல், ஜன்னலோரக் கட்டில்!”

ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். குட்டையானவள், தூக்கம் சொக்கும் கண். இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி, நீதானா அது? ஒனக்கு நடுவுல பஞ்சு அமுங்கிரக் கூடாதுன்னு நான் ஓரமாவே படுக்கேன். நீயும் அந்த ஓரத்துலதான் படுக்க போல. நடு மெத்த புத்தம் புதுசாக் கெடக்கு!”

இந்தக் கட்டிலுக்கு வந்த நாலு மாதமும் இவளுக்கா பயந்தோம் என்று செல்லக்கனிக்கு வெட்கமாக இருந்தது. நாடகத்தைப் பற்றி அவசர அவசரமாகச் சொன்னாள். இன்னொருத்தியாக நீதான் நடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்தாள்.

“நடிக்கேன். ஆனா ஒத்திகைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் வேணும்லா?”

“தணிகாசலம் சார்ட்ட கேட்டா மாத்திக் குடுப்பாரு.”

“குடுப்பாரு. பெறவு ராத்திரி கட்டிலுக்கு?”

அதைச் செல்லக்கனி யோசிக்கவே இல்லை. டிரைவர் ஹாரனை அடித்துத் தீர்த்தார். படியில் ஏறிய மாடத்தி திரும்பிப் பார்த்தாள்.

“நடுவுலதான் இம்புட்டு எடம் கெடக்கே. ரெண்டு பேரும் படுப்போம், வா.”