அளக்காத வீக்கம்

ஈஸ்டர் முடிந்த அந்த வாரம் தாமஸ் வீட்டில் ஒரே பேச்சுதான்: கப்பல் டிக்கெட். அவன் மனைவி ஆரோக்கியசெல்வி வரிசையில் நின்று தீவிலிருந்து சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தாமஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“இருபதாந்தேதி கப்பலு. துணிமணியாவது எடுத்து வைக்கலாம்லா?” என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

“வேலை கெடக்கு செல்வி. வெள்ளைச்சாமி அண்ணன் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுருக்கேன்.”

“ஜனவரிலயே போயிருக்கணும். அப்பவும் எவன் எஞ்சினையோ பிரிச்சுத்தான் போட்டிருந்தீங்க. நாள் பாத்துப் பழுதாகுமோ ஒங்க எஞ்சினெல்லாம்?”

அவன் இடது கை விரல்கள் தாமாகவே வலது மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடின. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அந்தக் கையை விலக்கிவிட்டாள். பிரஷர் பார்க்கும் மெஷினை ஏற்கெனவே பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். அது வீட்டில் இருந்தவரை அவன் பல் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பான். அளக்க அளக்க ஏறும். ஏறியதே என்று மறுபடி அளப்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விடாத இருமலுக்காக எடுத்த எக்கோவில் தற்செயலாகத் தெரிந்த விஷயம் அது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், மகாதமனி, ஓரிடத்தில் வீங்கியிருந்தது. போன வருஷ ஜனவரியில் சென்னையில் ஸ்கேன் எடுத்து நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர் என்றார்கள். ஐந்தரையைத் தொட்டால் ஆபரேஷன். அதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்தால் போதும். “பாரம் தூக்கக் கூடாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. மாத்திரையை விடக் கூடாது. டென்ஷன் ஆகக் கூடாது,” என்றார் டாக்டர்.

கடைசிச் சொல்லைக் கேட்ட நிமிடத்திலிருந்து தாமஸுக்கு டென்ஷன்தான்.

அவன் ஜங்லிகாட் ஜெட்டியில், டோங்கி என்கிற மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் பழுது பார்ப்பவன். எந்தப் படகுக்காரன் வந்தாலும் முதலில் எஞ்சினில் தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்ப்பான். எங்காவது புடைத்திருந்தால் அப்போதே அறுத்து எறிவான். “வீங்கின ஹோஸோட கடலுக்குப் போவியா? எங்க வெடிக்கும்னு அது ஒங்கிட்ட சொல்லிட்டா வெடிக்கும்?” என்று திட்டுவான். இப்போது அவனுக்குள்ளேயே ஒரு ஹோஸ் வீங்கியிருக்கிறது, அதை மாற்ற வேண்டாம், காத்திருக்கலாம் என்கிறார்கள். இந்த அளவில் ஆபரேஷன்தான் அதிக ஆபத்து என்று டாக்டர் படம் போட்டே விளக்கியிருந்தார். மூளைக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஏப்பத்துக்கும், விலாப்பிடிப்புக்கும், படுக்கையில் புரளும்போது காதுக்குள் கேட்கும் துடிப்புக்கும் அந்தப் புரிதல் பறந்துபோனது.

ஜனவரி நெருங்கியபோது வேறொரு பயம் சேர்ந்துகொண்டது. அளந்து பார்த்து, வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால்? போகாத வரையில் அது நாலு புள்ளி ஆறு. போனால் என்னவோ. அதனால் போகவில்லை.

ஜெட்டியில் யாருக்கும் இது தெரியாது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப முடியாத மெக்கானிக்கிடம் யார் வேலை கொடுப்பார்கள்? தோள்பட்டை நழுவிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தான். எஞ்சினைப் பூட்டியதும் அவன் ஒதுங்கி நிற்பான், படகுக்காரனே சுற்றிக்கொள்ள வேண்டும்.

“வந்துட்டாருய்யா, கையை வைக்காத டாக்டரு,” என்று மறுநாள் மத்தியானமும் வெள்ளைச்சாமி ஆரம்பித்தார். ராமநாதபுரத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். சுனாமியில் போன படகுக்குப் பதிலாக வாங்கிய டோங்கியை, ஷெட்டுக்கு எதிரே ஜெட்டியில் கட்டிப் போட்டிருந்தார். “என் எஞ்சினு இன்னைக்காவது பேசுமா தாமசு?”

“புது பிஸ்டன் ரிங்கு போட்டுருக்கு அண்ணே. டைட்டா இருக்கும். ரெண்டு நாளு பையத்தான் ஓட்டணும்.”

“பையயா? மீனு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?”

காலையிலேயே ஆள் வைத்து எஞ்சினைப் படகில் ஏற்றிப் பூட்டியாயிற்று. தாமஸ் ஷெட்டுக்குள் வந்து ஸ்பானர்களைத் துடைக்க உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது.

முதலில் மெதுவாக. பிறகு அது உடம்பு முழுக்கப் பரவியது. தலை லேசாகச் சுற்றியது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தான். ஸ்பானரை ஓசைப்படாமல் கீழே வைத்தான். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கிழிந்துவிடாமல் அழுத்திப் பிடிப்பவன்போல் அசையாமல் இருந்தான். செல்வி சாப்பிட்டிருப்பாளா என்று ஒரு யோசனை. வேறெதுவும் தோன்றவில்லை.

வெளியே யாரோ கத்தினார்கள். “பூகம்ப்! பூகம்ப்!”

தாமஸ் நிமிர்ந்து பார்த்தான். எஞ்சின் தூக்கும் செயின் உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது.

பூமிதான். தன் நெஞ்சு இல்லை. பூமிதான் ஆடுகிறது!

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெட்டியே அலறிக்கொண்டு ஓடும்போது இவன் மட்டும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தத் தீவில் அன்று நிலநடுக்கத்துக்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். பிறகுதான் எட்டு வருஷத்துக்கு முந்தைய சுனாமிக் காலை ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

சிறிது நேரத்தில் போலீஸ் ஜீப் மைக்கோடு வந்து எல்லோரையும் மேலே போகச் சொன்னது. “சுனாமி வார்னிங் ஹை! சப் லோக் ஊப்பர் ஜாவோ!” கடைகள் ஷட்டரை இழுத்தன. குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜனம் டெய்ரி ஃபார்ம் மேட்டைப் பார்த்து ஏறியது. தாமஸ் செல்விக்குப் போன் போட்டான். லைன் போகவில்லை. வீடு மேட்டில்தான் இருக்கிறது, அவள் பத்திரமாக இருப்பாள் என்று சொல்லிக்கொண்டு ஷெட்டைப் பூட்டினான்.

“தாமசு! ஏ தாமசு!”

வெள்ளைச்சாமி டோங்கிக்குள் நின்றுகொண்டிருந்தார். அலை வருகிறது என்றால் படகை ஆழக்கடலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், கரையில் கட்டிக் கிடந்தால்தான் நொறுங்கும் என்பது படகுக்காரர்களின் கணக்கு. ஓடக்கூடிய டோங்கிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டிருந்தன. இவருடையது மட்டும் கிளம்பவில்லை. புது ரிங்கின் இறுக்கத்தில் ஹேண்டில் பின்னால் உதைத்து அவர் மணிக்கட்டில் அடித்துவிட்டது. அது அதற்குள் உருண்டையாகப் புடைத்திருந்தது.

“ஒரே சுத்து தாமசு. ஒன் கைக்குத்தான் அது மசியும். வா, ஜல்தி!”

“அண்ணே, தோள்பட்டை...”

“தோள்பட்டை போனா வச்சுக்கிடலாம்யா! இந்தப் படகும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்? ஒருக்கா எல்லாத்தையும் குடுத்துட்டு நின்னவன்யா நான்!”

தாமஸ் டோங்கிக்குள் இறங்கினான். எஞ்சினின் மேலிருந்த, இறுக்கத்தைத் தளர்த்தும் சின்ன லீவரை இடது கையால் தூக்கிப் பிடித்தான். வலது கையில் ஹேண்டிலை வாங்கி மாட்டினான். கை அதைத் தானே பற்றிக்கொண்டது. இருபது வருஷப் பழக்கம். குனிந்து, கால்களை அகட்டி ஊன்றினான். மூச்சு தானாகவே நெஞ்சில் நின்றது.

நாலு புள்ளி ஆறு என்றால் ஒரு தடவை சுற்றலாமோ? ஐந்து என்றால்? ஐந்தரையைத் தாண்டியிருந்தால்? அவனுக்குத் தெரியாது. ஜனவரியில் போயிருந்தால் தெரிந்திருக்கும். முடியும் என்றோ, முடியாது என்றோ இப்போது ஒரு நிச்சயம் கையில் இருந்திருக்கும். தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தான். இப்போது அந்தத் தெரியாமைதான் அவன் கையை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தது. சுற்றவும் விடவில்லை, விலகவும் விடவில்லை.

“சுத்துய்யா!”

ஜெட்டித் தூண்களின் அடியில் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகச் சுழித்தது. அல்லது அவனுக்கு அப்படித் தெரிந்தது.

தாமஸ் மூச்சை விட்டான். ஹேண்டிலைக் கழற்றிப் பலகையில் வைத்தான்.

“என்னால முடியாது அண்ணே. தோள்பட்டை இல்ல. பொய் சொன்னேன். நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கி இருக்கு. மூச்சப் புடிச்சு இழுத்தா வெடிச்சாலும் வெடிச்சிரும்.”

வெள்ளைச்சாமி அவனையே பார்த்தார். குனிந்து ஹேண்டிலை எடுத்து, அடிபடாத கையால் தாமே இன்னொரு முறை சுற்றினார். எஞ்சின் ஒரு செருமலோடு நின்றது. படகின் விளிம்பை ஒரு குத்து குத்தினார். அதற்குப் பிறகு கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டிக் கட்டிவிட்டு ஜெட்டியில் ஏறினார்.

“நட,” என்றார்.

“நீங்க ஓடுங்க அண்ணே. நான் ஓடக் கூடாது.”

“ஒன்னய இங்க விட்டுட்டு மேல போயி ஒம்பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிக்கிறது? நட.”

நடந்தார்கள். ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. மேடு ஏறத் தொடங்கியதும் தாமஸின் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாடியைப் பிடிக்கப் போனான். வெள்ளைச்சாமி தட்டிவிட்டார்.

“அத அப்பறம் பாரு. ரோட்டப் பாரு. தூக்கட்டுமா?”

“வேண்டாண்ணே. நீங்க தூக்குனா எனக்கு டென்ஷன் ஆயிரும்.”

“இவ்வளவு பெரிய விசயத்த வச்சுக்கிட்டு தோள்பட்டையாம் தோள்பட்டை. களவாணிப்பயலே.” திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்தபடியே திட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ஒரு அடிகூட அவனை முந்தவில்லை.

மேட்டில், பள்ளிக்கூட மைதானத்தில், செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் முகத்தையும் கையையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தாள். “ஓடுனீங்களா?” என்றாள் முதலில்.

“இல்ல. நடந்துதான் வந்தேன்.”

“எதையும் தூக்குனீங்களா?”

“தூக்கலம்மா,” என்றார் வெள்ளைச்சாமி. “என் படகத்தான் அம்போன்னு விட்டுட்டு வந்துட்டாரு ஒன் வீட்டுக்காரரு.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு வருஷம் கட்டிக் காத்த ரகசியம் அந்த மைதானத்தில் காற்றாய்ப் பரவியது. பூண்டு சாப்பிடு என்றார் ஒருவர். மெயின்லேண்டில் தன் மச்சானுக்கு இதுவே வந்து இன்னும் ஆட்டோ ஓட்டுகிறான் என்றார் இன்னொருவர். தாமஸ் தலை குனிந்திருந்தான். இனி வேலை வராது என்று நினைத்தான். மறுபடியும் தரை ஆடியது, எல்லோரும் தரையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆடுவது தரைதான் என்று செல்வி அவன் காதில் சொன்னாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. வெள்ளைச்சாமி எழுந்து வேட்டியைத் தட்டினார். படகைப் பார்க்கக் கிளம்பியவர், நின்று, “எம்புட்டு வீங்கியிருக்கு?” என்றார்.

“தெரியல அண்ணே.”

“தெரியலயா?” அவர் முகத்தில் கோபம் திரும்ப வந்தது. “தெரிஞ்சிருந்தா காலையிலயே சொல்லியிருப்ப, நானும் வேற ஆளக் கூப்பிட்டிருப்பேன்ல. தெரியாதாம்ல.”

அவர் போன பிறகு தாமஸ் செல்வியைப் பார்த்தான். “கப்பலு எத்தனை மணிக்கு?” என்றான்.

சென்னையில் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்தபோது பயம் குறையவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தான். விடச் சொன்னார்கள், விட்டான். மறுநாள் டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

“நாலு புள்ளி எட்டு. மெதுவாத்தான் வளருது. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்போம்.”

செல்வியின் கை அவன் முழங்கையை இறுக்கியது. அவனுக்கும் காதுக்குள் துடிப்பு கேட்டது. ஆனால் நாலு புள்ளி எட்டுக்கு ஒரு ஓரமும் ஒரு அளவும் இருந்தன. மூன்று மாதமாக அவன் சுமந்தது ஓரமே இல்லாத ஒன்றை.

“டாக்டர், அன்னைக்கு ஒரு தடவை ஹேண்டில் சுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

டாக்டர் யோசித்தார். “ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. சுத்தாதது நல்லது.”

வெளியே கவுண்டரில் செல்வி பேச வாயெடுப்பதற்குள் தாமஸ் முன்னால் போய் நின்றான்.

“அக்டோபர்ல எந்தத் தேதி வேணும்?” என்று கேட்டாள் கவுண்டருக்குள் இருந்த பெண்.

“மழை புடிச்சு கடல் கெடுறதுக்கு முன்னாடி வந்துரணும். மொத வாரமே போடுங்க.”