ஜாத்திரைக்கு அடித்த தண்ணீர்

முனிகிருஷ்ணன் அன்று காலை சித்தூருக்குப் பஸ் ஏறினார். தீயணைப்பு நிலையத்தில் லீடிங் ஃபயர்மேன், இருபத்தாறு வருஷ சர்வீஸ், எத்தனையோ நெருப்புக்குள் புகுந்து வந்தவர். அங்கே ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சாட்சி சொல்வதற்குத்தான் பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம் உண்டு. கங்கம்மா ஜாத்திரை வந்தால், அம்மனைத் தூக்கி வருகிறவர்களுக்கு வெறுங்கால் சுடக்கூடாது என்று தீயணைப்பு வண்டி தெருத்தெருவாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு முன்னால் போகும். எந்த உத்தரவிலும் இல்லாத வேலைதான். ஆனால் போகாமல் இருந்து பாருங்கள், ஊர் சும்மா விடுமா? திரும்பி வந்ததும், டாங்கை நிரப்பட்டுமா என்று டிரைவர் லோகேஸ்வரன் கேட்டான். கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்திருந்த முனிகிருஷ்ணன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. பிச்சாட்டூர் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில் தீ. பாதி வழியில்தான் அவருக்கு டாங்க் நினைவு வந்தது. ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார். லோகேஸ்வரன் மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். முன்சீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். தண்ணீர் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எட்டுத் தறியும் கரிக்கட்டை. ஆள் யாரும் சாகவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

கொட்டகைக்காரர் புகார் கொடுத்தார். வண்டி ஏரிக்கரையில் நின்றதை ஊரே பார்த்திருந்தது. 'டாங்க் காலி, டிரைவர் வழியில் நிறுத்தினார்' என்று எழுதிக் கொடுத்தார் முனிகிருஷ்ணன். பொய் இல்லையே! யார் சொல்லி டாங்கை நிரப்பாமல் விட்டான், யார் சொல்லி நிறுத்தினான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தார். போகவிருந்தது இன்னொருத்தன் தலை. லோகேஸ்வரனுக்குச் சார்ஜ் மெமோ வந்தது. வேலை போனால் பென்ஷனும் இல்லை, திருப்பதியில் படிக்கிற இரண்டு பெண்களும் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷர். துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளலாம், காகிதங்களைப் பார்க்கலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம், எல்லாம் உன் உரிமை என்று லோகேஸ்வரனிடம் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். அவன் தனியாகத்தான் வந்திருந்தான். முனிகிருஷ்ணன் எழுதியதையே ஒப்பித்து முடித்தார். இப்போது லோகேஸ்வரன் கேட்பான். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது, பதவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். சத்தியமாகச் செய்திருந்தார்.

லோகேஸ்வரன் அவரையே வெகுநேரம் பார்த்தான். "கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டார். அதற்கும் அதே பதில். முனிகிருஷ்ணன் வாயில்தான் என்ன கொழுக்கட்டையா இருந்தது? குனிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா கேக்கல? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா."

"தெரியும்ணா" என்றான் லோகேஸ்வரன். "கேக்காமயே நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். பதினாலு வருசம் ஒரே வண்டில போய்க்கினு இருந்தோமே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

முனிகிருஷ்ணன் திரும்பி விடுவிடுவென்று போய் அந்த அறை வாசலில் நின்றார். கோப்பைக் கட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, என்ன என்று கேட்டார்.

"பேனாவ மறந்து வெச்சிட்டுப் போய்ட்டேன் சார்."

பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அதிகாரி அதை நம்பி, மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மூன்றாம் வாரம் லோகேஸ்வரனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.