சத்தம் வராத பியானோ

நான் பல்செட் செய்பவன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு, முகம் பார்க்காமலே சிரிப்பு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். முப்பது வருடம் மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்ததால் என் விரல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் என்னை டிஜிட்டல் பியானோ வாங்க வைத்தது அந்தத் தலைக்கனம்தான்.

கடைக்காரர் அதன் அருமை பெருமைகளை அடுக்கினார். எண்பத்தெட்டு கட்டைகள். நிஜப் பியானோவைப் போலவே அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரியும். இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். ஹெட்போனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது என்றார். அங்கேதான் விழுந்தேன். யாருக்கும் தெரியாமல் கற்றுத் தேறி, ஒருநாள் எல்லோரையும் வாயடைக்கச் செய்வது என் திட்டம்.

தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, வேலைக்குக் கிளம்பும்முன் வாசித்தேன். பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல எதிரொலி தரும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் என் தப்புகள்கூட மண்டபத்தில் நடந்த தப்புகளாக, மரியாதையோடு ஒலித்தன. வாசித்ததைப் பதிவு செய்து கேட்கும் வசதியும் உண்டு. எனக்கு அது தேவைப்படாது என்று பட்டது. என் மனைவி அவ்வப்போது வாசலில் நின்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவாள். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காம் வாரம் கீழ் வீட்டு நர்ஸ் மேலே வந்தார். இரவுப் பணி முடித்து, காலை ஏழரைக்கு வந்து படுப்பவர். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணா, தினமும் காலையில என்ன அடிக்கிறீங்க?"

நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். அடிக்கவில்லை, பியானோ வாசிக்கிறேன். ஹெட்போன் போட்டுக்கொள்வதால் வெளியே சத்தமே வராது என்றேன்.

"சத்தம் வருதுண்ணா. பாட்டுதான் வரல."

சாட்சிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க. சொல்ல மனசு வரல."

அதோடு விட்டிருக்கலாம். பாட்டைக் கேட்டால் நர்ஸுக்கு வருத்தம் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, என் ஹெட்போனைக் கொடுத்தேன். கடைக்காரர் சேர்த்துக் கொடுத்திருந்த இன்னொன்றை மனைவி மாட்டிக்கொண்டாள். இருந்தது இரண்டு துளைதான். எனக்கு ஒன்றும் இல்லை. வாசிக்க ஆரம்பித்தேன்.

மூன்று வாரமாக வீடு கேட்டதை அன்றுதான் நான் கேட்டேன். தக், தடக், தக். யாரோ மரச்சுத்தியலை வைத்துக்கொண்டு ஆணியைத் தேடுவதுபோல இருந்தது. ஒவ்வொரு கட்டையும் பலகையில் மோதி, ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காது சூடேறியது. நிறுத்த நினைத்து நிமிர்ந்தேன். நர்ஸ் கண்களை மூடி, தலையைச் சாய்த்து, அசையாமல் இருந்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வரியை உடம்பை ஆட்டி, கூடுதல் உணர்ச்சியோடு வாசித்தேன்.

மனைவி என் தோளைத் தொட்டாள். "தூங்கிட்டாங்க. நிறுத்தாதீங்க, முழிச்சிடப் போறாங்க."

எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அதைப் பதினான்கு முறை வாசித்தேன். நான் வரத் தாமதமாகும் என்று மனைவி என் முதலாளிக்குப் போன் செய்தாள். காரணம் கேட்டதற்கு, ஒரு நர்ஸ் கூட இருக்கிறார் என்று மட்டும் சொன்னாளாம். நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் என் உடம்பை விசாரித்தார்கள்.

விழித்த நர்ஸ் கூச்சத்தோடு எழுந்து, இரண்டாவதாக வாசித்த பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே தடித்த ரப்பர் விரிப்பு வாங்கிப் பியானோவுக்கு அடியில் போட்டேன். நேரத்தையும் மாற்றினேன்; இப்போது அவர் பணிக்குக் கிளம்பிய பிறகு, மாலையில்தான் வாசிப்பு. மனைவி இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்கிறாள். தப்பு வரும் இடமெல்லாம் விரலால் என் முழங்காலைத் தட்டுகிறாள். இதுவரை ஒருநாள்கூட அவள் தூங்கியதில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.