சோற்றுப் பெட்டிக்குள் லென்ஸ்

என் கணவர் தவராசாவுக்கு மூளை நிறைய இருக்கிறது. அதை எங்கே பாவிக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. கலியாணம் கட்டிய முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அந்த மூளையே ஒருநாள் அவர் உயிருக்கு உலை வைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அது 2007ஆம் ஆண்டு, சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ரிவி, ரேடியோ, டிவிடி பிளேயர் என்று வருவதையெல்லாம் திருத்துவோம். இவர் கழற்றிப் பூட்டுவார், ஈயம் பற்றவைப்பது நான். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த மைக்கல் அண்ணை ஒரு கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கு என்று சொன்னாலும் விளையாடுவது அவர்தான். அந்தப் பெட்டி ஒருநாள் சிடியை விழுங்கிவிட்டுத் திருப்பித் தர மறுத்துவிட்டது. திறந்து பார்த்தோம். டிரைவின் மோட்டரும் செத்திருந்தது, லென்ஸும் செத்திருந்தது. வேறு டிரைவ்தான் போட வேண்டும்.

கந்தளாயில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பக்கீர் நானாவிடம் அதே வகைப் பெட்டி ஒன்று எரிந்த நிலையில் கிடந்தது. அதன் டிரைவ் நல்லது என்றார். இவர் காலை பஸ்ஸில் புறப்பட்டார். மத்தியானச் சோற்றை நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் ரேடியோ, ரிவி திருத்துகிற எல்லோருக்கும் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. வீதியில் மறித்துச் சோதனை செய்கிற சென்றியில் வயரும் மோட்டரும் ஒரே பெட்டிக்குள் கிடந்தால் குண்டு என்பார்கள். தனித்தனியாகக் கிடந்தால் குப்பை என்று விட்டுவிடுவார்கள். அதனால் சாமானைப் பிரித்து, ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றை மரக்கறிக்கு அடியிலுமாகக் கொண்டுவருவோம். மடியிலே கனமிருந்தால்தானே வழியிலே பயம் என்பார்கள். மடியில் ஒன்றும் இல்லாதவனும் பயந்து பயந்து போன வழி எங்கள் வழி.

பின்னேரம் ஆகும் முன்பே பக்கீர் நானா ஓட்டோவில் வந்து இறங்கினார். நகரத்தில் அலுவல் என்று அவரும் இவரோடு ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார். மனிதரின் முகத்தில் இரத்தமே இல்லை.

"தங்கச்சி, தவராசாவைச் சென்றியில பிடிச்சு வைச்சிருக்காங்க. பின்னேரம் ட்ரக் வந்தா முகாமுக்கு ஏத்திருவாங்களாம்."

நடந்ததை அவர்தான் சொன்னார். சென்றியில் புதிதாக வந்த நேவிக்காரர்கள். எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். இவருடைய சட்டைப் பையில் மோட்டர், மடித்த சாரத்துக்குள் டிரைவின் தகரக்கூடு, சோற்றுப் பெட்டியில் சோற்றுக்கு அடியில் பொலித்தீனில் சுற்றிய லென்ஸ். குண்டு என்று பிடிக்கவில்லை. ஒளித்ததற்காகப் பிடித்தார்கள். குற்றமில்லாத சாமானைச் சோற்றுக்குள் ஏன் புதைத்தாய் என்று கேட்டால் அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? கேம் பெட்டிச் சாமான் என்று இவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அந்த வருடம் ட்ரக்கில் ஏற்றப்பட்டவர்களைத் தேடிப் பெண்கள் முகாம் முகாமாக அலைந்தார்கள். என் அக்கா இராசமலர் அவர்களில் ஒருத்தி. அத்தானைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. ட்ரக் வருவதற்குள் இவரை மீட்காவிட்டால் நானும் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான் என்று எனக்கு விளங்கியது.

அழ நேரமில்லை. கேம் பெட்டியைத் தூக்கினேன். பழைய டிரைவையும் எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் வேலை நடக்காது. புது டிரைவை அப்படியே மாட்டினால் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. பழைய டிரைவின் சேர்க்கிட் போர்டைக் கழற்றிப் புதியதில் பொருத்த வேண்டும். தன் போர்டை மட்டும்தான் அதற்கு அடையாளம் தெரியும். எங்கள் ஊர்ச் சென்றி மாதிரித்தான், சரியான அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடாது.

பக்கீர் நானா பதறினார். பிடிபட்ட சாமானே போதாதா, ஆயுதம் மாதிரி இன்னும் கொண்டுபோகிறாயா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு பொலித்தீன் பையில் போட்டேன். ஈயக்கோல், திருப்புளி, வயர், விளையாட்டுப் பிடி எல்லாம் வெளியே தெரிந்தன.

"இனி ஒண்டையும் ஒளிக்கேலாது நானா. ஒளிச்சுத்தான் அந்த மனுசன் அங்க நிக்குது."

சென்றி துறைமுகத் தண்ணீரை ஒட்டி வீதி வளைகிற இடத்தில் இருந்தது. தூரத்திலேயே ஓட்டோவை விட்டு இறங்கி, பையை நெஞ்சுக்கு மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த துவக்கின் குழல் என்னோடு சேர்ந்து திரும்பியது. நில் என்றார்கள், நின்றேன். கீழே வை என்றார்கள், வைத்தேன்.

கொட்டிலுக்குள் இவர் நிலத்தில் குந்தியிருந்தார். கைகள் முன்னால் கட்டப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும் சந்தோசப்படவில்லை, ஏன் வந்தாய் என்பது போலப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. சோற்றுப் பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. நான் அவித்த சோறு கிளறப்பட்டிருந்தது.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். இரண்டையும் கலந்து, இந்தத் துண்டுகளைச் சேர்த்துக் காட்டுகிறேன், பெட்டி வேலை செய்தால் இவரை விடுங்கள் என்று கேட்டேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூலையில் கிரிக்கெட் பார்க்கிற சின்ன ரிவி ஒன்று இருந்தது. அதைக் கண்ணால் காட்டிவிட்டு, "ட்ரக் வரும் வரை" என்றார்.

பழைய டிரைவைத் திறந்தேன். உள்ளே மைக்கல் அண்ணையின் சிடி சிக்கியிருந்தது. நல்லவேளை, ஓடவிட்டுக் காட்ட ஒரு சிடி வேண்டும் என்பதையே நான் மறந்துபோய் வந்திருந்தேன். வெளியே இழுத்தேன். அதன் முகப்பில் ஒருவன் துவக்கோடு நின்றான். அது சுடுகிற விளையாட்டு. அதிகாரியும் அதைப் பார்த்தார்.

போர்டைக் கழற்றினேன். புதிய கூட்டுக்குள் லென்ஸை வைத்தேன், அதில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். மோட்டரின் இரண்டு வயர்களையும் போர்டில் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஈயக்கோல் புகைத்ததும் ஒருவன் துவக்கைக் கிட்டக் கொண்டுவந்தான். சித்திரவேலாயுத சுவாமியை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இரண்டு வயரும் ஒட்டின.

டிரைவைப் பெட்டியில் மாட்டி, பெட்டியை ரிவியோடு இணைத்தேன். சுவிச்சைப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது. சிடி உள்ளே போய்க் கரகரத்து நின்றுவிட்டது. வெளியே வீதியில் ஏதோ பெரிய வாகனம் வருகிற இரைச்சல் கேட்டது. அதற்குப் பிறகு சிடி மெல்லச் சுழன்றது.

ரிவி திடீரென்று சடசடவென வெடித்தது. விளையாட்டு தொடங்குவதே வேட்டுச் சத்தத்தோடுதான். வெளியே நின்றவன் துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினேன். அதிகாரி அவனைப் பார்த்து ஏதோ கத்தினார். பிறகு ரிவியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் விளையாட்டுப் பிடியை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

"உன் வேலை இதுதானே? விளையாடு, பார்ப்போம்."

திருத்திய பெட்டியைச் சோதிக்கிறேன் என்ற சாட்டில் இவர் விளையாடாத விளையாட்டு இல்லை. இதே விளையாட்டில் மைக்கல் அண்ணையை ஒரு தடவைகூட வெல்லவிட்டதில்லை. இங்கே குறி தவறாமல் சுட்டால் எங்கே பழகினாய் என்று கேட்பார்கள். சுடத் தெரியாவிட்டால் இது உன் தொழிலே இல்லை என்பார்கள். இவரை எச்சரிக்க எனக்கு வழியில்லை, இவர் என் பக்கம் திரும்பவுமில்லை.

ரிவியில் இவருடைய ஆள் சுவரில் போய் முட்டினான். திரும்பி மறுபடியும் அதே சுவரில் முட்டினான். வானத்தைப் பார்த்துச் சுட்டான். கைக்குண்டை எடுத்துத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டு செத்தான். மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் செத்தான். முதலில் ஒரு நேவிப் பொடியன் சிரித்தான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். கடைசியில் அதிகாரியும் சிரித்துவிட்டு, இவனா குண்டு வைக்கப் போகிறான் என்று சிங்களத்தில் சொன்னார். இவருடைய அடையாள அட்டையை மேசையில் எறிந்தார்.

நாங்கள் வெளியே வரும்போது ட்ரக் வந்து நின்றிருந்தது. அதன் பின்புறத்தில் யாரோ இருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், ஒரு பெயரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கத் துணிவு வரவில்லை.

பக்கீர் நானா ஓட்டோவோடு அதே இடத்தில் நின்றார். ஏறி உட்கார்ந்ததும்தான் எனக்கு வாய் திறந்தது. சோற்றுக்குள் லென்ஸ் புதைத்ததற்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு எனக்கே பாவமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூளையைச் சரியான இடத்தில் பாவித்திருக்கிறாரே.

"இஞ்சேருங்கோ, நல்லாத்தான் நடிச்சனீங்கள். நானே நம்பிட்டன்" என்றேன்.

இவர் இரண்டு கைகளையும் மடியிலிருந்து தூக்கிக் காட்டினார். விரல்கள் பத்தும் தனித்தனியாக ஆடின.

"நடிக்கேல்லைப் பூரணி. வெல்லத்தான் பாத்தனான். வெண்டா விடுவாங்கள் எண்டு நினைச்சனான். கை வரேல்ல."

பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை அவை நிற்கவில்லை.