பஞ்சுவின் அக்கா

“மெதுவாம்மா, மெதுவா! கைய அழுத்திப் பிடிக்காதீங்க. நீலம் பாரிச்சிடும்.”

ஊசிக்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து, அப்படிப் பதறிய அம்மாவை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெரிய மகளைப் பார்த்தாள். உயிர் போன உடம்பு இனி எங்கே நீலம் பாரிக்கும்? பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்பவுமா, என்றிருந்தது அவளுக்கு.

கட்டிலில் கிடந்த தங்கைக்கு வீட்டில் பஞ்சு என்றுதான் பெயர். பிறவியிலேயே ரத்தத் தட்டணுக்களில் கோளாறு. எண்ணிக்கையில் குறைச்சலில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் அவற்றுக்குத் தெரியாது. பல் விழுந்தால்கூட ரத்தம் லேசில் நிற்காது. சின்ன வயதில் ஒருமுறை இருவரும் மாடிப்படியில் உருண்டார்கள். பஞ்சுவுக்கு உதட்டில் கீறல். பெரியவளுக்கு மணிக்கட்டு முறிவு. அம்மா பஞ்சுவை அள்ளிக்கொண்டு ஓடினாள். பெரியவளுக்குக் கட்டுப் போட அழைத்துப்போனது பக்கத்து வீட்டுக்காரர்.

“நீ கல்லுடி, தாங்குவே” என்பாள் அம்மா. பாராட்டுகிற மாதிரிதான் சொல்வாள்.

இன்று காலை, பெரியவள் வேலை செய்யும் பைக் பட்டறைக்குப் பஞ்சு வந்தாள்.

“அக்கா, தலை பிளக்குது. அம்மாகிட்ட சொல்லிடாத, ஊரையே கூட்டிடுவாங்க.”

ஸ்டூலில் உட்கார்ந்தவள் வாந்தியெடுத்தாள். அப்படியே சரிந்தவளைத் தரையில் படாமல் தாங்கிப் பிடித்தது பெரியவள்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அம்மா முதலில் கேட்டது, “அவளை என்னடி பண்ணினே?”

டாக்டர்தான் குறுக்கிட்டார். “அடி எதுவும் படலம்மா. மூளைக்குள்ள தானாவே ரத்தம் கசிஞ்சிருக்கு. இந்தக் கோளாறு உள்ளவங்களுக்கு அபூர்வமா இப்படி ஆகும். தட்டணு ஏத்திப் பார்த்தோம், நிக்கல.”

அம்மா தலையாட்டினாள். பெரியவள் பக்கம் திரும்பவில்லை.

உடம்பைக் கொடுக்கத் தாமதமானது. வராந்தா பெஞ்சில் அழுது ஓய்ந்த அம்மாவுக்குக் கண் செருகியது. தலை மெல்லச் சாய்ந்து, பெரியவளின் கிரீஸ் படிந்த தோளில் வந்து நின்றது. நினைவு தெரிந்த நாளாக அந்தத் தலை அவள்மேல் சாய்ந்ததில்லை. தோள் மரத்துப்போயிற்று. அவள் அசையவில்லை; மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள்.

அரைத்தூக்கத்தில் அம்மாவின் கை துழாவிவந்து அவள் கையைத் தொட்டது. அழுத்தாமல், விரல் நுனிகளால்.

“பஞ்சு…”

பெரியவள் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்” என்றாள்.