தலையசைத்தால் போதும்

இந்த ஆண்டு வெளிவந்த கருவிகளைப் பற்றி எழுதச் சொன்னால், எனக்கு ஒரே வரிதான் தோன்றுகிறது: எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் மரிட்சா ஆற்றில் கொட்டுங்கள். ஆனால் எங்கள் பத்திரிகை ஆசிரியர் சிமியோனுக்கு அது போதாது. நான்கு பக்கம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட வேண்டும், கடைசியில் ஒன்றுக்கு 'ஆண்டின் சிறந்த கருவி' என்று மகுடம் சூட்ட வேண்டும். அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலைக்குள். எங்கள் ப்ளோவ்திவ் ஊரே முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருக்கும் நாளில் நான் அப்பாவின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதைப் புகழ்வது? குளிர்சாதனப் பெட்டிக்குக் கடவுச்சொல் கேட்கிறார்கள். தயிர் எடுக்கப் போனால் 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், காத்திருக்கவும்' என்கிறது. பல் துலக்கும் பிரஷ், நான் கடைவாய்ப்பல்லை ஏமாற்றியதை என் போனுக்குக் கோள் சொல்கிறது. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று கேலி பேசுவோமே, இந்த ஆண்டு அந்த விளக்குமாற்றுக்கு மூளையும் வைத்துவிட்டார்கள். அது வீடு முழுவதையும் வரைபடம் போட்டுவிட்டு, என் காலுறையை விழுங்கி, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சிமியோனிடம் நான் கத்திக்கொண்டிருந்தபோது கைக்கடிகாரம் 'மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்' என்றது. போன வருடப் போனுக்கும் இந்த வருடப் போனுக்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு நான் எத்தனை நட்சத்திரம் போட?

சமையலறைக் கேமராவைப் பற்றி மட்டும் எழுதக் கை வரவில்லை. எங்கள் குடும்பத்தைப் பிளந்தது அதுதான்.

பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள். என் தங்கை கலினா எட்டு வருடமாக ராட்டர்டாமில் இருக்கிறாள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவளுக்கு அங்கே தூக்கம் வரவில்லை. ஈஸ்டருக்கு வந்தவள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்புக்கு மேலே கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை ஒட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் அப்பா உள்ளாடையோடு நின்று பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து குரல் வந்தது. "அப்பா, அடுப்ப அணைக்க மறந்துடாதீங்க!" கரண்டி ஒரு பக்கம், பீன்ஸ் ஒரு பக்கம். அன்றைக்கே அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். "உசுரோட இருக்கேனான்னு வேவு பாக்கறியா? இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று அவளிடம் சொன்னார். அவளும் பண்ணவில்லை. அப்பனுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருக்கிறாள். இவர் வீம்பு பிடித்தால் அவள் இரண்டு மடங்கு பிடிப்பாள்.

இடையில் அகப்பட்டவள் நான். அப்பாவிடம் "அவளக் கூப்பிடுங்களேன்" என்றால், "அவ கூப்பிடட்டும்" என்பார். கலினாவிடம் கேட்டால், "பண்ணாதன்னு சொன்னது அவர்தானேக்கா" என்பாள். அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸும் இப்படியே போய்விட்டால், இந்த இரண்டு பேரும் இனி ஒட்டவே மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இன்று மத்தியானம் அப்பா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுக்கென்று உள்ளே நாணயம் வைத்துச் சுடும் ரொட்டி. அம்மா செய்வது. முதன்முறையாக இவர் இறங்கியிருக்கிறார், அதனால் முழங்கை வரை மாவு. காதில், போன வாரம் நான் கொடுத்த, காதுக்குள் செருகும் கம்பியில்லாக் காதணிபேசி. நாட்டுப்புறப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் நான்கு நட்சத்திரம் வாங்கியிருந்த ஒரே பொருள் அதுதான். போன் வந்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் பல்கேரிய மொழியிலேயே காதில் சொல்லி, 'எடுக்கட்டுமா?' என்று கேட்கும். கையால் தொட வேண்டாம். 'தலையசைத்தால் போதும்' என்று பெட்டியிலேயே போட்டிருந்தது.

நான் குளிர்சாதனப் பெட்டியைத் திட்டி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா சட்டென்று நிமிர்ந்து பளிச்சென்று சிரித்தார். தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினார். பிறகு முகம் விழுந்துவிட்டது. பாட்டில் ஏதோ வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடி அதே தலையாட்டல், இந்த முறை சிரிப்பில்லாமல். மூன்றாவது முறை ஆட்டிவிட்டு, மாவை மேசைமேல் ஓங்கி அறைந்தார். என் காப்பி தளும்பியது.

"என்னப்பா, மாவு மேல கோவம்?"

"மாவு மேல எதுக்கு? உன் தங்கச்சிக்கு விளையாட்டு."

"கலினாவா? போன் பண்ணாளா?"

"பண்றா. நான் எடுக்கறேன். எடுத்த உடனே வெச்சிடறா. மூணு தடவ. கெழவன் காத்துக் கெடக்கானான்னு பாக்கறா. பாத்துட்டா இல்ல? போதும், விடு."

அதே நேரம் என் போனுக்குக் கலினாவிடமிருந்து செய்தி வந்தது. 'சோஃபியாவில் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்கத்தான் கூப்பிட்டேன். மூன்று முறையும் கட் பண்ணிவிட்டார். திரும்ப விமான நிலையத்துக்கே போகிறேன். நீ நன்றாக இரு.'

அப்பாவின் கைகளைப் பார்த்தேன். மாவு.

"அப்பா, எடுத்தேன்னீங்களே, எப்படி எடுத்தீங்க?"

"நீதானே சொன்ன, தலையாட்டினா போதும்னு. ஆட்டினேன்."

"எப்படி ஆட்டினீங்க? ஆட்டிக் காட்டுங்க."

முறைத்துக்கொண்டே காட்டினார். இடமும் வலமும். ஆமாம் என்றால் வேறு எப்படி ஆட்டுவார்? அவர் அப்பா அப்படித்தான் ஆட்டினார், இந்தத் தெருவே அப்படித்தான் ஆட்டுகிறது. எங்களுக்கு மேலும் கீழும் அசைந்தால் மாட்டேன், குறுக்கே ஆடினால் சரி. அந்தக் காதணிபேசியைச் செய்த புண்ணியவான்கள் ஊரில் எல்லாம் தலைகீழ். எங்கள் நாக்கை ஒரு எழுத்து பிசகாமல் அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள், கழுத்தைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஆட்டிச் சோதித்த எனக்காவது உறைத்ததா? நான்கு நட்சத்திரம் போட்டிருந்தேன். நாசமாய்ப் போக.

கலினாவைக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க?"

"விமான நிலையத்துக்குப் போற வண்டிக்கு நிக்கறேன்."

"நில்லு! அவர் கட் பண்ணல. காதுல மாட்டியிருக்கறது கட் பண்ணிடுச்சு. அவர் சரின்னு தலையாட்ட, அது முடியாதுன்னு எடுத்துக்கிச்சு."

"அக்கா, அவருக்கு வக்காலத்து வாங்காத. அம்மா இருந்தப்ப அவ வாங்குவா, இப்ப நீ ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா சொல்றேன்டி. நீ நேரா வீட்டுக்கு வா."

"அது அவர் வீடு. பண்ணாதன்னு சொன்ன வாயால வான்னு சொல்லட்டும். கடைசியா ஒரு தடவ அவருக்குப் பண்றேன். இதையும் கட் பண்ணா நான் கெளம்பிடுவேன்." வைத்துவிட்டாள்.

"அப்பா! இப்ப கூப்பிடுவா. மேலும் கீழும் ஆட்டுங்க!"

"மேலும் கீழுமா? எம் பொண்ணு கூப்பிடறப்ப மாட்டேன்னு ஆட்டணுமா?"

"அந்தச் சனியனுக்கு அதுதாம்பா சரின்னு அர்த்தம்!"

"அதுக்கு அர்த்தமாயிருந்தா எனக்கென்ன? எங் கழுத்துக்கு அது அர்த்தமில்ல."

அதற்குள் அவர் கண் விரிந்தது. காதில் கேட்டுவிட்டது. மேசையில் கிடந்த போனில் கலினாவின் பெயர் மின்னியது. நான் பாய்ந்து எடுக்கப் போனேன். அவர் எனக்கு முன்னால் மாவுக் கையால் திரையைத் தேய்த்தார். மாவு அப்பிய விரலை அது மதிக்குமா? ஆயிரத்தெட்டு வித்தை தெரிந்த போன் அசையவேயில்லை. அப்பாவின் தலை தன் பழக்கத்துக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியது.

"அப்பா, வேண்டாம்!"

நின்றார். ஆட ஆரம்பித்த தலையைப் பாதியில் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கசப்பு மருந்து விழுங்குகிற மாதிரி, தாடையைத் தூக்கி இறக்கினார். மேலே, கீழே. மறுபடி மேலே, கீழே. பெற்ற மகளுக்கு மாட்டேன், மாட்டேன் என்று அவர் ஆட்டியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

எடுத்துவிட்டது. பேச்சு நடக்கும்போது தலையாட்டலை அது கண்டுகொள்ளாது. அந்த ஒரு நல்லதையாவது செய்திருந்தார்கள்.

அவள் என்ன கேட்டாளோ, எனக்குக் கேட்கவில்லை. அப்பா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார். பிறகு தலையை ஆட்ட ஆரம்பித்தார், இடமும் வலமும், இடமும் வலமும், நிறுத்தாமல், கண்ணீர் மூக்கின் மேல் வழிந்து மாவில் சொட்டச் சொட்ட. போனுக்கு அந்தப் பக்கம் அது எப்படித் தெரியும்? நான் போனைப் பிடுங்கி ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அப்பா? இருக்கீங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வரட்டுமா, வேண்டாமா?" வண்டிச் சத்தத்துக்கு நடுவில் கலினாவின் குரல் உடைந்திருந்தது.

"அவரால பேச முடியலடி. தலையாட்டறார்."

எட்டு வருடம் வெளிநாட்டில் அந்த ஊர்க்காரர்களைப் போலத் தலையசைத்துப் பழகியவள் அவள்.

"எப்படி ஆட்டறார்க்கா?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"குறுக்கால. விடாம ஆட்டிக்கிட்டே இருக்கார்."

அவள் அழுவது கேட்டது. அப்புறம் யாரிடமோ ப்ளோவ்திவ் பஸ் எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று விசாரித்தாள்.