தபாலக்கா எழுதிய பிரிப்புத் தேர்வு

தெருவில் எல்லோருக்கும் அவள் தபாலக்கா. பின்னோக்கி வந்த வேன் ஒன்று சைக்கிளோடு சேர்த்து அவள் இடது காலையும் நசுக்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை; வேலைதான் போய்விடும் போலிருந்தது. முழங்காலுக்குக் கீழே எஃகுத் தகடு. நிற்கலாம், கொஞ்சம் நடக்கலாம். பையை மாட்டிக்கொண்டு பகலெல்லாம் அலைய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இலாகா இரண்டு வழி காட்டியது. ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரலாம். அல்லது தபால் பிரிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, அதே ஆபீசுக்குத் திரும்பலாம். தேறாவிட்டால் முதல் வழிதான்.

"வீட்லயே இரேன். நான் என்ன சோறு போடாமலா விட்டுடப் போறேன்?" என்றான் புருஷன். தையல்காரன், மனசில் கள்ளமில்லாதவன்.

"நீங்க போடுவீங்க. எனக்கு எறங்கணுமே," என்றாள்.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அவ வீட்ல இருந்தா நமக்குத்தான்டா கஷ்டம். இப்பவே டப்பாவையெல்லாம் தெருத் தெருவா அடுக்கி வெச்சிருக்கா. உப்பைத் தேடி நான் ஊர் சுத்திட்டு வரேன்."

பயிற்சி தொடங்கியது. பிரிப்பறையில் சுவரை அடைத்தபடி ஒரு மர அலமாரி. அதில் சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு தபால்காரர் சுற்றும் வட்டாரம். முகவரியைப் பார்த்ததும் உரிய தடுப்பில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவளுக்கு வரவில்லை. தன் பழைய வட்டாரத்துக் கடிதம் வந்தால் கை நின்றுவிடும். வலது சாரி வீடுகளை முதலில், இடது சாரியைத் திரும்பும்போது, நாய் வளர்க்கும் வாத்தியார் வீட்டைக் கடைசியில் என்று மடியிலேயே அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

பக்கத்து ஸ்டூலில் பிரிப்பவர்களில் மூத்தவர். கண்ணாடியின் தடிமனால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். "என்ன தபாலக்கா, ஊர்வலம் கெளம்பிடுச்சா? இங்க யாரும் நடக்கப் போறதில்ல. போட்டுட்டு அடுத்ததை எடு."

"கை கேக்க மாட்டேங்குது அண்ணே."

"அடிபட்டது காலுன்னுல்ல சொன்னாங்க?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். மறுநாள் முதல், வாங்குபவரின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தெருப் பெயரை மட்டும் படித்தாள். ஆள் யாரென்று தெரியாவிட்டால் கை நிற்காது. மெல்ல மெல்ல வேகம் வந்தது.

தேர்வு நாளன்று கொடுத்தது பயிற்சிக் கட்டு அல்ல, அன்றைக்கு வந்த நிஜத் தபால். போஸ்ட்மாஸ்டர் ஒரு பக்கம் நின்றார்; மறுவாழ்வுப் பிரிவு அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தோடு மறுபக்கம். முடிந்ததும் சில தடுப்புகளை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பார்கள். போட்டதைத் திரும்ப எடுத்தால் அதுவும் ஒரு தப்பாகவே எண்ணப்படும். தப்புகள் அனுமதித்த எல்லையைத் தாண்டினால் தேறவில்லை என்று அர்த்தம்.

கட்டு பாதிக்கு மேல் கரைந்தபோது அவள் கை நின்றது. கட்டைவிரல் விலகிப் பெயர் கண்ணில் பட்ட பழக்கத்தில், முனைக்கடை பேக்கரிக்கு வந்த கடிதத்தைத் தன் பழைய வட்டாரத்தில் போட்டிருந்தாள். கடையின் வாசல் அவள் நடந்த தெருவில். முகவரியோ பக்கத்துச் சந்து, இன்னொருவர் வட்டாரம். வாசல் தன் பக்கம் இருக்கிறதென்று வருஷக்கணக்காக அவளே கொடுத்து வந்தாள். இப்போது அந்தத் தெருவில் நடப்பவர் புதுசு. முகவரியைப் பார்த்து, தனக்கில்லை என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

"சார், ஒண்ணை மாத்திப் போட்டுட்டேன்."

"எடுத்தா தப்புன்னு எழுதுவேன்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "எத்தனை விழுந்திருக்குன்னு உங்களுக்கே தெரியாது. யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். அந்தத் தடுப்பை அவர்கள் பார்க்காமலே போகலாம். ஏற்கெனவே எல்லை வரை தப்பு விழுந்திருந்தால், இந்த ஒன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

எடுத்தாள். சரியான தடுப்பில் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குக் கை நீட்டினாள்.

சோடாபுட்டிதான் சரிபார்த்தார். தடுப்புக்குத் தடுப்பு கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அவள் உயிரை வாங்கினார். அனுமதித்த அளவுக்கு மேலே தப்பு ஒன்றுகூட இல்லை, கீழேயும் இல்லை.

"நூலிழைல தேறிட்டா," என்றார் அதிகாரி அம்மாவிடம். சொல்லும்போது, தானே தேறியது போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கே வந்துடுங்க. விசாரணை ஜன்னல்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. பெருசா வேலை ஒண்ணும் இருக்காது. காலுக்கும் நல்லது. வேணும்னா அங்க..."

"வேணாம் சார். இந்த ஸ்டூலுக்குத்தான் பரீட்சை எழுதினேன்."

"அப்ப நாளைக்குக் காலைல முதல் தபால் வண்டிக்கே வரணும்."

"வந்துடறேன் சார்."

அன்று சாயங்காலம் மாமியார் குழாயடியில் குடத்தை வைத்தார்; அது நிரம்பி வழிந்தும் அங்கிருந்த பெண்களை விட்டு அவர் நகரவில்லை. "எங்க மருமக நாளைலேர்ந்து ஆபீஸ் போறா. முன்ன மாதிரி வீடு வீடா கொண்டு போய்க் குடுக்கறதில்ல. எந்தத் தபால் யாரு கையில போகணும்னு இனிமே இவதான் சொல்லணும். இவ சொன்னாத்தான் ஊருக்கே தபாலு."

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தபாலக்கா, "போதும் அத்தை," என்றாள். அத்தைக்குக் கேட்கும்படியாகச் சொல்லவில்லை.